டின் பியரில் இருந்து ஆல் கிரெயினுக்கு: 800 டாலரில் எந்தச் சாமான் வாங்கலாம்?

தென்கிழக்கு_நுரை:

வணக்கம் எல்லோருக்கும். மெல்பனில் கிளேட்டன் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒரு கார் நிற்கிற அளவுக்கு கராஜ் உண்டு, அதை முழுக்க எனக்கே விட்டுவிட்டார்கள். இதுவரை செய்ததெல்லாம் டின் பியர்தான்: 1.7 கிலோ கூப்பர்ஸ் டின், ஒரு கிலோ சர்க்கரை, 23 லிட்டர் கோடு வரை தண்ணீர், மேலே ஈஸ்ட். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) எக்ஸ்ட்ராக்டில் ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தருகிற பூ) போட்டுக் கொதிக்க வைப்பது, கிரிஸ்டல் மால்ட்டைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்துச் சேர்ப்பது என்று வந்து நிற்கிறேன்.

குடிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் எக்ஸ்ட்ராக்ட் என்பது வேறு யாரோ மாஷ் செய்து (உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்கி), வடிகட்டி, சுண்டவைத்து டின்னில் அடைத்த சாறு. பியர் எவ்வளவு உலர்வாக முடிய வேண்டும், நாக்கில் எவ்வளவு கனமாக நிற்க வேண்டும் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. அந்தப் பாதியும் எனக்கு வேண்டும். பார்லியை உடைப்பதில் இருந்து நானே செய்ய வேண்டும் என்று ஆசை, அதுதான் ஆல் கிரெயின்.

கையில் 800 டாலர் வரை செலவு செய்யலாம். மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, ப்ரூசில்லா 35 லிட்டர் அல்லது கிரெயின்ஃபாதர் ஜி30 மாதிரி எல்லாம் ஒன்றாக இருக்கும் மெஷின். இரண்டு, 40 லிட்டர் எலக்ட்ரிக் அர்ன் (கூட்டங்களில் டீக்கு வெந்நீர் வைப்பார்களே, அதுதான்), அதற்குள் மால்ட் போட ஒரு துணிப்பை. மூன்று, எஸ்கி பெட்டியில் (சூடு குளிர் தாங்குகிற ஐஸ் பெட்டி) குழாய் பொருத்தி மாஷ் டன் (மாஷ் செய்கிற தொட்டி) ஆக்கி, கேஸ் பர்னரில் பெரிய பாத்திரம் வைத்துக் கொதிக்க வைக்கிற பழைய முறை.

இப்போது என்னிடம் இருப்பது: 19 லிட்டர் ஸ்டெயின்லெஸ் பாத்திரம், 30 லிட்டர் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர் (நொதிக்க வைக்கிற தொட்டி), ஹைட்ரோமீட்டர், பாட்டில்கள். நொதிக்க வைப்பது லாண்டரி மூலையில், அங்கேதான் வீட்டிலேயே கொஞ்சம் குளிர்ச்சி.

மெஷின் வாங்கினால் பியர் தரம் உண்மையிலேயே உயருமா, இல்லை வசதி மட்டும்தானா? கொதித்ததைச் சட்டென்று ஆறவைக்க சில்லர் அவசியமா? மால்ட் உடைக்கிற மில் இப்போதே வாங்க வேண்டுமா? கராஜில் எல்லா பிளக்கும் சாதாரண 10 ஆம்பியர்தான், வயரிங்கில் கை வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கராஜ்_மாஷ்:

வாங்க நண்பரே. நீங்கள் கேட்காத ஒன்றில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் பதிவில் எனக்கு உறுத்திய வரி "நொதிக்க வைப்பது லாண்டரி மூலையில்" என்பதுதான். அந்த 800-இல் முதல் 150, 200 டாலரை எடுத்துத் தனியாக வையுங்கள். மீதிக்குத்தான் மாஷ் சாமான். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, ஃபெர்மென்டர் உள்ளே நிற்கிற உயரம் இருந்தால் போதும், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசில் மலிவாகக் கிடைக்கும், சில நேரம் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று சும்மாவே கொடுப்பார்கள். அதற்கு இங்க்பேர்ட் மாதிரி ஒரு வெப்பநிலை கன்ட்ரோலர். ஃபிரிட்ஜ் பிளக் கன்ட்ரோலரில், சென்சாரை ஃபெர்மென்டர் பக்கவாட்டில் ஒட்டி அதன் மேல் ஒரு துண்டு ஃபோம், 18 டிகிரி என்று வைத்தால் வேலை முடிந்தது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாஷ் உங்கள் தவறுகளை மன்னிக்கும், ஈஸ்ட் மன்னிக்காது. மாஷ் 66-இல் வைக்க நினைத்து 64-இல் நின்றால் பியர் கொஞ்சம் உலர்வாக வரும், 69-இல் நின்றால் கொஞ்சம் கனமாக வரும், இரண்டுமே நல்ல பியர்தான். ஆனால் ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கிற பியர் வகை) ஈஸ்ட் முதல் இரண்டு மூன்று நாள் வேகமாக வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும், வெளியே 24 என்றால் உள்ளே 27, 28 வரை போய்விடும், அந்தச் சூட்டில் வருகிற நெயில் பாலிஷ் வாசனையும் தொண்டையை எரிக்கிற ஆல்கஹாலும் அப்புறம் எதைச் செய்தாலும் போகாது. மெல்பன் ஜனவரியில் 40 டிகிரி நாள் வரும்போது லாண்டரி மூலை என்ன செய்யும் சொல்லுங்கள். விலை உயர்ந்த பிரவ்மைஸ்டர் மெஷினில் மாஷ் செய்து சூடான அறையில் நொதிக்க வைத்த பியரைவிட, அர்னும் பையுமாகச் செய்து 18-இல் நொதிக்க வைத்த பியர் எப்போதும் மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். எதை வாங்குவது என்பதைக் கடைப் பக்கத்தில் தேடாமல், கடைசியில் ஃபெர்மென்டரில் எத்தனை லிட்டர் வேண்டும் என்பதில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 23 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஹாப்ஸ் மண்டி 2 லிட்டர் நிற்கும். ஒரு மணி நேரம் கொதித்தால் 3-இல் இருந்து 4 லிட்டர் ஆவியாகும். ஆல்கஹால் 5 பெர்சென்ட் பக்கம் வருகிற ஒரு பேல் ஏலுக்கு ஏறத்தாழ 5 கிலோ மால்ட், பையைப் பிழிந்தாலும் கிலோவுக்கு 0.6 லிட்டர் தண்ணீரை அது வைத்துக்கொள்ளும், அது 3 லிட்டர். மொத்தம் 31, 32 லிட்டர் தண்ணீரில் தொடங்க வேண்டும். அதில் 5 கிலோ மால்ட்டைக் கொட்டினால் மட்டம் இன்னும் 3 லிட்டருக்கு மேல் ஏறும், ஆக 35 லிட்டர். 40 லிட்டர் அர்னில் இது மேலே நான்கு விரல் இடம் விட்டு நிற்கும். 35 லிட்டர் மெஷினில் முழுத் தண்ணீரும் ஒரே தடவையில் அடங்காது, அதனால்தான் அதில் கொஞ்சம் தண்ணீரைத் தனியாகச் சூடாக்கி மேலே ஊற்றி மால்ட்டை அலசச் (ஸ்பார்ஜ்) சொல்கிறார்கள். ஆக அங்கே இன்னொரு வெந்நீர்ப் பாத்திரமும் வேண்டும் (உங்கள் 19 லிட்டர் அதற்கு உதவும்).

மின்சாரம்: 10 ஆம்பியர் பிளக் என்றால் 2400 வாட்தான் உச்சம். அர்னும் 2400, ப்ரூசில்லா 35-உம் 2400, ஜி30 கொஞ்சம் குறைவாக 2000. 30 லிட்டர் குழாய்த் தண்ணீர் 20 டிகிரியில் இருந்து மாஷ் சூட்டுக்கு வர 2400 வாட்டில் முக்கால் மணி நேரம், மாஷ் முடிந்து அது கொதி வர இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல். அவ்வளவுதான், பொறுமை இருந்தால் போதும். அர்ன் வெளிப்புறத்தில் பழைய யோகா மேட்டைச் சுற்றிக் கட்டினால் கொதி தளதளவென்று நிற்கும், இல்லாவிட்டால் மெல்பன் ஜூலையில் கராஜில் கொஞ்சம் திணறும். வாங்கும்போது அடித்தகட்டுக்குக் கீழே எலிமென்ட் மறைந்திருக்கிற மாடலாகப் பாருங்கள், உள்ளே சுருளாகத் தெரிகிற எலிமென்டில் வோர்ட் (மாஷில் இருந்து வருகிற இனிப்புச் சாறு) தீய்ந்து ஒட்டும், பையும் மாட்டும்.

மூன்றாவது வழியை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எஸ்கி முறை அருமையான முறைதான், மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்காது. ஆனால் மூன்று பாத்திரம், இரண்டு தடவை வெந்நீர், கழுவ நிறைய. தவிர கேஸ் பர்னரை கராஜுக்குள் எரிக்கவே கூடாது, கதவு பாதி திறந்திருந்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெளியே எரிக்க இடம் இருப்பவர்களுக்குத்தான் அது.

என் ஓட்டு: 40 லிட்டர் அர்ன், அளவெடுத்துத் தைத்த பை, ஃபிரிட்ஜ், கன்ட்ரோலர். மிச்சப் பணத்தில் மால்ட் வாங்குங்கள்.

யாழ்_பார்லி:

கராஜ்_மாஷ் சொல்கிற ஃபிரிட்ஜ் கதை நூற்றுக்கு நூறு சரி, தம்பி, அதை முதலில் செய்யுங்கள். ஆனால் பை விசயத்தில் எனக்கு வேறு கருத்து.

5 கிலோ மால்ட் நனைந்து மேலே வரும்போது 8 கிலோவுக்குக் கிட்ட இருக்கும், சொட்டச் சொட்ட வரும்போது முதல் நிமிடத்தில் அதைவிடச் சரியான பாரம். அதை 67 டிகிரி சூட்டில், நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, சொட்டி முடியும் வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இருபத்தைந்து வயதில் ஒன்றும் தெரியாது. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முதுகு முன்னால் மாதிரி இல்லை. அர்னை மேசை மேல் வைத்தால் இன்னும் உயரம் கூடும், தரையில் வைத்தால் குழாயில் இருந்து வடிக்க ஏலாது. கூரையில் ஒரு கொக்கி, கப்பி, கயிறு இருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் வாடகை வீட்டில் உத்தரத்தில் துளை போட வீட்டுக்காரர் விடுவாரா?

மெஷினில் உள் குழாயை, அதுதான் மால்ட் நிற்கிற அந்தத் துளைபோட்ட உருளையை, கொஞ்சம் தூக்கித் திருப்பினால் விளிம்பில் உட்கார்ந்துவிடும். நீங்கள் போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம், அது தன் பாட்டில் வடியும். தூக்குகிற பாரம் அதே பாரம்தான், ஆனால் கையில் வைத்திருக்கிற நேரம் சில நொடி.

இரண்டாவது, பம்ப். மெஷினில் கீழே இருக்கிற வோர்ட்டைப் பம்ப் எடுத்து மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும். மால்ட் முழுக்க ஒரே சூட்டில் நிற்கும், சூடு இறங்கினால் தானே எலிமென்ட் ஏற்றும். 52-இல் கொஞ்ச நேரம், 65-இல் கொஞ்ச நேரம், 72-இல் கொஞ்ச நேரம் என்று ஜெர்மன்காரர் செய்கிற மாதிரிப் படிப்படியாக ஏற்றலாம். அர்னில் பை இருக்கும்போது எலிமென்டைப் போட்டால் பை அடியில் பட்டுக் கருகும், அதற்கு அடியில் ஒரு தட்டு வைக்க வேண்டும், கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். லாகர் (குளிரில் நொதிக்கிற பியர் வகை), கோதுமை பியர் செய்ய ஆசை உள்ளவருக்கு மெஷின் பெரிய நிம்மதி.

ஆனால் மெஷின் வாங்கினால் ஒன்று கவனம். கோதுமையோ ஓட்ஸோ அதிகம் போட்டால் மால்ட் களி மாதிரி இறுகி, பம்ப் மேலே ஊற்றுகிற வேகத்துக்குக் கீழே வடியாது. அப்போது பம்பின் வால்வைக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் வோர்ட் இல்லாமல் எலிமென்ட் வெறுமனே காயும், அதன் மேல் மாவு தீய்ந்து பியர் முழுக்கப் புகை மணம் ஏறும். மால்ட்டோடு இரண்டு கைப்பிடி நெல் உமி கலந்தால் இந்தக் கரைச்சல் வராது, ப்ரூ கடைகளில் பாக்கெட்டில் கழுவியே விற்கிறார்கள்.

இன்னொன்று, 65 லிட்டர் மெஷினைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 15 ஆம்பியர் பிளக்கில் வரும், அதன் எர்த் முள் அகலம் கூட, உங்கள் சுவரில் இறங்காது. சில பேர் அந்த முள்ளை அராவி உள்ளே தள்ளுவார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம், சுவருக்குள் இருக்கிற வயர் சூடாகும். 35 லிட்டர்தான் உங்களுக்கு அளவு. எக்ஸ்டென்ஷன் வயர் போட வேண்டி வந்தால் தடித்த ஹெவி டியூட்டி வயர், சுருளை முழுக்க விரித்துவிட்டு. அதே லைனில் வேறு ஹீட்டர் ஓடக் கூடாது. சேஃப்டி சுவிட்ச் வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கிற வேலை இது.

ஸ்வான்_நதிக்கரை:

பெர்த்தில் இருந்து. இரண்டு அண்ணன்களும் சொன்னது சரி, நான் அதற்குள் போகவில்லை. எனக்குத் தோன்றியது: எதையும் வாங்காமலேயே இந்தச் சனிக்கிழமை நீங்கள் ஆல் கிரெயின் செய்யலாம்.

உங்களிடம் 19 லிட்டர் பாத்திரம் இருக்கிறதே. வாயில் (voile) என்கிற மெல்லிய துணியில் தைத்த ஒரு பை மட்டும் தேவை. பருத்தி வேண்டாம், பாலியெஸ்டர் வாயில், ஜன்னல் திரைக்கு விற்பார்களே அது. பருத்தி ஊறி உப்பித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், காய நாளாகும், பூஞ்சை பிடிக்கும். வாயிலில் சட்டென்று வடியும். தையல் மெஷின் இருக்கிற யாரிடமாவது கொடுத்தால் அரை மணி வேலை. 2.5 கிலோ மால்ட், 15, 16 லிட்டர் தண்ணீர், வீட்டு அடுப்பிலேயே 10 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பியர். தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, பையைப் பாத்திர வாயில் மாட்டி, மால்ட்டைக் கொட்டிக் கட்டி இல்லாமல் கிளறினால் 67-இல் வந்து நிற்கும். மூடி, பழைய கம்பளியால் போர்த்தி ஒரு மணி நேரம். சூடு அதிகமாக நின்றால் குளிர்ந்த தண்ணீர் விளாவிக் கொள்ளலாம், குறைந்தால் கெட்டிலில் இருந்து வெந்நீர். இப்படி நான்கைந்து தடவை செய்து பார்த்தால் உங்களுக்குப் பெரிய அளவு வேண்டுமா, பம்ப் வேண்டுமா, முதுகு என்ன சொல்கிறது, எல்லாம் தானாகத் தெரிந்துவிடும், அப்புறம் 800-ஐச் செலவு செய்யுங்கள். நான் இன்னும் 10 லிட்டர்தான் செய்கிறேன். பெரிய பாத்திரம் வாங்க வழியில்லாமல் இல்லை, மாதத்துக்கு இரண்டு விதம் செய்து பார்க்கலாம் என்பதற்காக.

நல்ல தெர்மோமீட்டருக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். மாஷில் 63-க்கும் 69-க்கும் நடுவில்தான் எல்லா வித்தியாசமும். கீழ்ப்பக்கம் பீட்டா அமைலேஸ் ஸ்டார்ச்சை ஈஸ்ட் தின்னக்கூடிய சின்னச் சர்க்கரையாக உடைக்கும், மேல்பக்கம் ஆல்ஃபா அமைலேஸ் பெரிய துண்டுகளை விட்டுவைக்கும், அவற்றை ஈஸ்ட் தொடாது, அதுதான் நீங்கள் கேட்ட கனம். மூன்று டிகிரி பொய் சொல்கிற தெர்மோமீட்டரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. உடைத்த ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0, கொதிக்கிற தண்ணீரில் 100 காட்டுகிறதா என்று வாங்கின அன்றே பாருங்கள். அர்னிலும் மெஷினிலும் இருக்கிற திரை அடித்தகட்டுப் பக்கச் சூட்டைத்தான் காட்டும், மால்ட் நடுவில் வேறாக இருக்கும்.

மில் இப்போது வேண்டாம். ப்ரூ கடையில் உடைத்துத் தருவார்கள், "பைக்கு" என்று சொன்னால் கொஞ்சம் நைசாகவே ஓட்டித் தருவார்கள். உடைத்த மால்ட்டைக் காற்றுப் புகாமல் வைத்து சில வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். 25 கிலோ மூட்டையாக வாங்க ஆரம்பிக்கும்போது மில் தன் விலையை மீட்டுக்கொடுக்கும், அதற்கு முன்னால் இல்லை. அப்படி வாங்கும்போது ரோலர் மில்லாகப் பாருங்கள், உமி கிழியாமல் உள்ளே இருக்கிற மாவு மட்டும் உடைய வேண்டும். மிக்சியில் அடித்துப் பார்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உமியும் சேர்ந்து தூளாகும், வடிகட்ட முடியாது, துவர்ப்பு ஏறும்.

தண்ணீரில் உங்களுக்கு யோகம். மெல்பன் தண்ணீர் மலைக்காட்டு நீர்ப்பிடிப்பில் இருந்து வருவது, ஆஸ்திரேலியாவிலேயே மிக மென்மையானவற்றில் ஒன்று. இங்கே எங்களுக்கு நிலத்தடி நீரும் கடல்நீரைச் சுத்திகரித்ததும் கலந்து வரும், பகுதிக்குப் பகுதி மாறும், வெளிர் பியர் செய்ய நான் கொஞ்சம் போராடுகிறேன். உங்களுக்கு 30 லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு அல்லது ஜிப்சம் போட்டால் போதும், மாஷும் ஈஸ்டும் கால்சியத்தை விரும்பும். குளோரைடு மால்ட் சுவையைக் கூட்டிக் காட்டும், ஜிப்சம் ஹாப்ஸ் கசப்பைக் கூர்மையாக்கும். குளோரின் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. அரை கேம்ப்டன் மாத்திரையை (சல்ஃபைட் மாத்திரை) பொடித்து முழுத் தண்ணீரிலும் கலந்தால் உடனே போய்விடும். விட்டால் பியரில் பேண்ட்எய்ட் பிளாஸ்திரி வாசனை வரும், அது வந்த பியரைக் கொட்டத்தான் வேண்டும்.

மயிலை_வாசகன்:

அருமையான விவாதம். சென்னையில் இருந்து கேட்கிறேன், இந்தப் பை முறையில் வீட்டில் சின்னதாக 5 லிட்டர் செய்ய முடியுமா? மால்ட்டும் ஹாப்ஸும் ஆன்லைனில் கிடைக்கிற மாதிரித் தெரிகிறது. இங்கே சூடும் அதிகம், நொதிக்க வைப்பது எப்படி?

கராஜ்_மாஷ்:

நண்பரே, செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமல் மதுவகை தயாரிப்பது குற்றம், பியரும் அதில் அடக்கம், சொந்தமாகக் குடிக்கத்தான் என்பது செல்லாது. எங்களுக்கு இங்கே சொந்த உபயோகத்துக்கு பியர் செய்யத் தடை இல்லை, விற்கக் கூடாது, சாராயமாகக் காய்ச்சி வடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பெங்களூரு போகிற வாய்ப்பு இருந்தால் இந்திரா நகர் டாய்ட் மாதிரி மைக்ரோப்ரூவரிகளில் தொட்டிகளைக் கண்ணெதிரே பார்க்கலாம், கூட்டம் இல்லாத நேரத்தில் போய்க் கேட்டால் ஆர்வமாகப் பேசுவார்கள்.

சூட்டைப் பற்றிக் கேட்டது எல்லோருக்கும் உதவுகிற கேள்வி, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். நார்வே கிராமங்களில் தலைமுறையாக வைத்திருக்கிற க்வைக் ஈஸ்ட் வகைகள் 35 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கும், வாஸ் பகுதியில் இருந்து வந்த வகையில் லேசாக ஆரஞ்சு வாசனை இருக்கும். குவீன்ஸ்லாந்து, டார்வின், சிங்கப்பூர் பக்கம் ஃபிரிட்ஜுக்கு இடம் இல்லாதவர்கள் அதைப் பாருங்கள்.

தென்கிழக்கு_நுரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஸ்வான்_நதிக்கரை அக்கா சொன்னது மனதில் பதிந்துவிட்டது, வாயில் துணிப் பையில் 10 லிட்டரில் தொடங்குகிறேன். அதற்கு முன்பே ஃபிரிட்ஜ். ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அளவெடுத்தால் ஃபெர்மென்டர் நிற்கிறது, கதவில் இருக்கிற தட்டுகளை மட்டும் கழற்ற வேண்டும்.

பெரிய சாமான் இன்னும் முடிவாகவில்லை, யாழ்_பார்லி அண்ணா சொன்ன பாரம் விசயத்தை 10 லிட்டரிலேயே பார்த்துவிடுகிறேன். உத்தரத்தில் துளை போட முடியாது, அது உறுதி.

சில்லர் பற்றி யாரும் சொல்லவில்லையே? 20 லிட்டரைக் கொதியில் இருந்து எப்படி இறக்குவது? மெல்பன்காரர்கள் பலர் சில்லரே இல்லாமல் சூடாகவே கியூபில் (மூடி போட்ட பிளாஸ்டிக் கேன்) ஊற்றி வைக்கிறார்களாம். அது பாதுகாப்பானதா?

கராஜ்_மாஷ்:

10 லிட்டர் என்றால் சில்லர் வேண்டாம், மூடிய பாத்திரத்தை லாண்டரி தொட்டியில் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி, இரண்டு தடவை தண்ணீரை மாற்றி, கடைசியில் ஐஸ் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் 25-க்கு வந்துவிடும்.

பெரிய அளவுக்கு இரண்டு வழி. சுருள் சில்லர் என்றால் ஸ்டெயின்லெஸ் அல்லது செம்புக் குழாயைக் கொதி முடிய 15 நிமிடம் முன்பே உள்ளே இறக்கி வைக்க வேண்டும், அந்தக் கொதியிலேயே அது சுத்தமாகிவிடும். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு, வோர்ட்டை மெதுவாகக் கிளறிக்கொண்டே இருந்தால் 20, 25 நிமிடத்தில் குழாய்த் தண்ணீரின் சூட்டுக்கு நாலைந்து டிகிரி மேல் வரை இறங்கும், கோடையில் அதற்குக் கீழே போகாது, மிச்சத்தை ஃபிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். ஜி30 வாங்கினால் கவுன்டர்ஃப்ளோ சில்லர் (வோர்ட்டும் குளிர்ந்த தண்ணீரும் எதிரெதிராக ஓடுகிற வகை) கூடவே வரும். தண்ணீர் நிறையச் செலவாகும், முதலில் வருகிற சூடான தண்ணீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவவும், மிச்சத்தை வாஷிங் மெஷினுக்கும் செடிக்கும் விடுங்கள்.

கியூப் முறை ஆஸ்திரேலியர்களின் முறை, வறட்சிக் காலத்தில் தண்ணீர்க் கட்டுப்பாடு இருந்தபோது நன்றாகப் பரவியது. பை முறையும் 2006 வாக்கில் இங்கிருந்துதான் இணையத்தில் பரவியது, இரண்டும் கையோடு கையாக நன்றாகவே பொருந்தும். கேம்பிங் தண்ணீர் கேன், அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கிற கெட்டியான எச்டிபிஇ பிளாஸ்டிக், குடிநீருக்கானது என்று எழுதியிருக்க வேண்டும். கொதி நின்று பத்து நிமிடம் அடங்கவிட்டு, சிலிக்கோன் குழாயில் அடிவரை விட்டு, வாய் வரை நிரப்பி, பக்கங்களை அமுக்கிக் காற்றை வெளியே தள்ளி மூட வேண்டும். உடனே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள், மூடியும் கைப்பிடியும் அந்தச் சூட்டில் சுத்தமாகும். கனமான கையுறை கட்டாயம், பிள்ளைகள் இருந்தால் கராஜ் கதவைப் பூட்டிவிட்டுச் செய்யுங்கள். கொதி வோர்ட் வெந்நீரைவிட மோசம், சர்க்கரை இருப்பதால் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பாதுகாப்பைப் பற்றி: மறுநாள் ஆறினவுடன் ஃபெர்மென்டருக்கு மாற்றி ஈஸ்ட் போட்டுவிடுங்கள். கியூபை மாதக்கணக்கில் ஷெட்டில் வைத்திருக்கிறவர்களும் உண்டு, நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. வோர்ட்டின் பிஎச் 5-க்கு மேல், காற்றும் இல்லை, பொட்டுலிசம் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது, அது வளர வழி கொடுக்கிற நிலை அதுதான். ஈஸ்ட் வேலை செய்து பிஎச் 4.5-க்குக் கீழே வந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

ஸ்வான்_நதிக்கரை:

கியூபுக்கு ஹாப்ஸ் கணக்கை மாற்ற வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். கேனில் வோர்ட் மணிக்கணக்காகச் சூடாகவே இருக்கும், 80 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை கசப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் ரெசிபியில் கடைசி 20 நிமிடத்தில் போடச் சொல்கிற ஹாப்ஸைக் கொதி அணைக்கும்போது போடுங்கள், கடைசி 5 நிமிடத்தில் போடச் சொல்வதைக் கொதியில் போடாமல் கியூபுக்குள் போட்டு மேலே சூடான வோர்ட்டை ஊற்றுங்கள். 60 நிமிட ஹாப்ஸில் கை வைக்க வேண்டாம். கேலக்சி மாதிரி வாசனைக்காகவே போடுகிற ஹாப்ஸ் நிறைய இருக்கும் ஐபிஏ என்றால் கியூப் எனக்குப் பிடிக்காது, சில்லர் வாங்கிவிடுங்கள். ஸ்டவுட், பழுப்பு ஏல், கோதுமை பியருக்கெல்லாம் கியூப் தாராளமாகப் போதும்.

முதல் தடவை ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ் என்று செய்யுங்கள். 2.5 கிலோ பேல் மால்ட், கேஸ்கேட் ஹாப்ஸ், யுஎஸ்-05 ஈஸ்ட் அரை பாக்கெட். கொதி வரும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், முதல் பத்து நிமிடத்தில்தான் நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியும், ஒரு தெளிப்பானில் குளிர்ந்த தண்ணீர் வைத்திருந்தால் அடங்கிவிடும்.

யாழ்_பார்லி:

தம்பி, 10 லிட்டரில் தூக்குகிற பாரத்தை வைத்து 23-ஐக் கணிக்க வேண்டாம். ஒரு வாளியில் 9 லிட்டர் தண்ணீர் நிரப்பி, அர்ன் நிற்கப்போகிற உயரத்துக்கு மேல் தூக்கி இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். துளை போட முடியாவிட்டால் ஒரு நல்ல ஏ வடிவ ஏணியை அர்னுக்கு மேல் விரித்து நிறுத்தி, உச்சிப் படியில் கயிற்றைப் போட்டு இழுக்கலாம், எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்கிறார். ஏணி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று மட்டும் அதில் ஒட்டியிருக்கிற எண்ணைப் பாருங்கள். டான்டினாங் பக்கம் வந்தால் சொல்லுங்கள், என் மெஷினில் ஒரு நாள் சேர்ந்து செய்வோம், அதற்குப் பிறகு எது வாங்குவது என்று பாருங்கள்.